எனக்கு போலியோ, மகனுக்கு ஆட்டிசம்: வருமான வரியில் என்ன கழிவு கிடைக்கும்?

கேள்வி இதுதான். கேட்டவர் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறார், ஆண்டுச் சம்பளம் 18 லட்சம். சின்ன வயதில் வந்த போலியோவால் வலது காலில் 50 சதவீதக் குறைபாடு. ஒன்பது வயது மகனுக்கு ஆட்டிசம், சான்றிதழில் 60 சதவீதம் போட்டிருக்கிறார்கள். மனைவியும் வேலைக்குப் போகிறார். அலுவலகத்தில் கழிவு கேட்டால் மருத்துவ பில் எல்லாவற்றையும் கொண்டு வரச் சொல்கிறார்கள், புதிய வரி முறையில் இதெல்லாம் கிடையாது என்றும் சொல்கிறார்கள். எது சரி, எவ்வளவு கிடைக்கும்?

நான் பல குடும்பங்களுக்கு ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறேன், இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் வந்துகொண்டே இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கணக்குகள் எல்லாம் 2025-26 நிதியாண்டின் வருமானத்துக்கு. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டதால் அதற்குப் பிறகான வருமானத்துக்குப் பிரிவு எண்கள் மாறும், ஆனால் 2025-26-க்கான ரிட்டர்னில் பழைய எண்கள்தான்.

முதலில் உங்கள் சொந்தக் கழிவு. அது வருமான வரிச் சட்டத்தின் 80யு பிரிவு. இந்தியாவில் வசிப்பவராக (வரிச் சட்டத்தின் கணக்கில் ரெசிடெண்ட்) இருக்க வேண்டும், 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு இருப்பதாக மருத்துவச் சான்று இருக்க வேண்டும், அவ்வளவுதான். 75,000 ரூபாய் அப்படியே கழியும். 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 1,25,000. ஒரு ரூபாய்கூட மருத்துவத்துக்குச் செலவு செய்யாவிட்டாலும் கழியும். 80யு-வில் செலவு என்ற பேச்சே கிடையாது. ஆகவே உங்களிடம் பில் கேட்பது தவறு, சான்றிதழ் கேட்பது மட்டும்தான் நியாயம்.

மகனுக்காக உங்களுக்குக் கிடைப்பது 80டிடி பிரிவு. சார்ந்திருக்கும் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தவர்கள் இவர்களில் யாருக்கு ஊனம் இருந்தாலும் அவர்களைப் பராமரிப்பவர் கேட்கலாம். தொகை அதே 75,000 அல்லது 1,25,000. இங்கே ஒரு வித்தியாசம் உண்டு: சிகிச்சை, பராமரிப்பு, பயிற்சி, மறுவாழ்வு இவற்றில் ஏதோ ஒன்றுக்கு நீங்கள் செலவு செய்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இதற்கென அங்கீகரிக்கப்பட்ட காப்பீட்டுத் திட்டத்தில் பணம் கட்டியிருக்க வேண்டும். ஆனால் செலவு எவ்வளவு என்பது தொகையைத் தீர்மானிப்பதில்லை. நீங்கள் 20,000 செலவு செய்திருந்தாலும் கழிவு 75,000, மூன்று லட்சம் செலவு செய்திருந்தாலும் 75,000தான். பேச்சுப் பயிற்சி, ஆக்குபேஷனல் தெரபி, சிறப்புப் பள்ளிக் கட்டணம் என்று ஆண்டு முழுக்க கொடுத்துக்கொண்டே இருக்கும் பெற்றோருக்கு இந்த நிபந்தனை ஒரு பொருட்டே இல்லை. சில ரசீதுகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கேள்வி வந்தால் உதவும். 75,000 வரைக்கும் பில் சேர்த்துக் கூட்டிக் காட்டு என்று சம்பளப் பிரிவில் சொன்னால், கழிவுத் தொகை செலவைப் பொறுத்தது இல்லை என்று 80டிடி என்ற எண்ணைச் சொல்லியே பதில் எழுதுங்கள். அவர்கள் ஏற்காவிட்டால் பரவாயில்லை, ரிட்டர்னில் நேராகப் போட்டு ரீஃபண்ட் வாங்கலாம். அலுவலகம் ஃபாரம் 16-இல் (சம்பளத்துக்கும் பிடித்த வரிக்கும் அவர்கள் தரும் சான்று) காட்டவில்லை என்பதற்காக உங்கள் உரிமை போய்விடாது.

இரண்டையும் சேர்த்துக் கேட்கலாமா என்றால், தாராளமாக. 80யு உங்களுக்காக, 80டிடி மகனுக்காக, இரண்டும் வேறு வேறு ஆட்கள். ஒரே ஆளுக்கு இரண்டு முறை கேட்கத்தான் கூடாது. அதாவது பிள்ளை வளர்ந்து தன் வருமானத்துக்கு 80யு கேட்டால் அந்த ஆண்டு அப்பாவோ அம்மாவோ அதே பிள்ளைக்கு 80டிடி கேட்க முடியாது. கணவன், மனைவி இருவரும் ஒரே மகனுக்குத் தனித்தனியாகப் போடுவதையும் நான் தவிர்க்கச் சொல்வேன். முழுவதுமாகவோ முக்கியமாகவோ சார்ந்திருப்பவர் என்பதுதான் சட்டம் கேட்பது. ஒரு பிள்ளை ஒரே நேரத்தில் இரண்டு பேரை முக்கியமாகச் சார்ந்திருக்கிறான் என்று வாதாடுவது சிரமம். உங்கள் இருவரில் யார் அதிக விகிதத்தில் வரி கட்டுகிறாரோ அவர் போடட்டும்.

சரி, இப்போது சான்றிதழ். பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான், தொகையில் இல்லை.

உங்கள் காலுக்கு யூடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் அடையாள அட்டை) இருந்தால் போதும். மஞ்சள் நிறக் கோடு இருந்தால் 40 முதல் 80 சதவீதத்துக்குள், நீலம் என்றால் 80-ம் அதற்கு மேலும், வெள்ளை என்றால் 40-க்குக் கீழே, அதாவது கழிவு கிடையாது. வெள்ளை அட்டையை வைத்துக்கொண்டு 80யு போட்டுவிட்டுப் பின்னால் நோட்டீஸ் வந்து தவிப்பவர்கள் உண்டு, அட்டை இருக்கிறது என்பது மட்டும் போதாது. ரிட்டர்ன் படிவத்தில் இப்போது 80யு, 80டிடி இரண்டுக்கும் தனி அட்டவணை இருக்கிறது, யூடிஐடி எண்ணைப் போட இடமும் இருக்கிறது. மகனுக்கும் எடுத்துவிடுங்கள்.

ஆனால் மகனுக்கு இன்னொரு வேலை உண்டு. ஆட்டிசம், பெருமூளை வாதம், பல்வகை ஊனம் இந்த மூன்றுக்கும் வருமான வரித் துறையின் படிவம் 10-ஐஏ வேண்டும். எம்.டி. நியூராலஜி படித்த நரம்பியல் மருத்துவர் (குழந்தை என்றால் குழந்தை நரம்பியல் மருத்துவர்), அல்லது அரசு மருத்துவமனையின் சிவில் சர்ஜன், தலைமை மருத்துவ அதிகாரி இவர்களில் ஒருவர் சான்று தர வேண்டும். அந்த விவரத்தை வருமான வரித் தளத்தில் ஆன்லைனில் ஏற்றினால் ஒரு ஒப்புகை எண் கிடைக்கும், அதை ரிட்டர்னில் போட வேண்டும். ரிட்டர்ன் போட உட்கார்ந்த அன்று இதைக் கேள்விப்பட்டு மருத்துவரைத் தேடி ஓடாதீர்கள். இந்த நிபுணர்களிடம் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகும், அதிலும் காத்திருக்கும் அறையில் உட்காரவே முடியாத பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு அந்த ஒரு நாள் எப்படிப்பட்ட நாள் என்று எனக்குத் தெரியும். வழக்கமான செக்கப்புக்குப் போகும்போதே படிவத்தைக் கையில் கொண்டு போய்விடுங்கள்.

தேதி முக்கியம். நிதியாண்டின் எந்த நாளில் சான்று பெற்றாலும் அந்த ஆண்டுக்கான முழுக் கழிவும் கிடைக்கும், மாதக் கணக்குப் போட்டுக் குறைக்க மாட்டார்கள். மார்ச் 28-இல் வாங்கினாலும் 75,000தான், ஏப்ரல் 3-இல் வாங்கினால் போன ஆண்டுக்கு ஒன்றும் இல்லை. இன்னொன்று, பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் காலாவதித் தேதி போட்டுத்தான் தருவார்கள், சில ஆண்டுகள் கழித்து மறுமதிப்பீடு என்று. சான்று எந்த நிதியாண்டில் முடிகிறதோ அந்த ஆண்டுக்குக் கழிவு உண்டு, அடுத்த ஆண்டுக்குப் புதுச் சான்று இல்லாமல் கிடையாது. உங்கள் மகனின் சான்றில் அந்தத் தேதி என்ன என்று இன்றே பாருங்கள்.

எந்தெந்த ஊனங்கள் என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு, உங்களைப் பாதிக்காது, ஆனால் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. 80யு எழுதப்பட்டதோ 1995 சட்டத்தின் பட்டியலைச் சுட்டித்தான்: பார்வையின்மை, குறைபார்வை, தொழுநோயிலிருந்து குணமானவர்கள், செவித்திறன் குறைபாடு, இயக்கக் குறைபாடு, அறிவுசார் குறைபாடு, மனநோய். இவற்றோடு 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்திலிருந்து ஆட்டிசமும் பெருமூளை வாதமும் பல்வகை ஊனமும். குறிப்பிட்ட கற்றல் குறைபாடு 2016 பட்டியலில் இருக்கிறது, இந்தப் பட்டியலில் இல்லை. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு யூடிஐடி வாங்கிய பெற்றோர் 80டிடி கேட்பதற்கு முன் ஒரு ஆடிட்டரிடம் பேசிவிடுவது நல்லது. ஒரே அரசின் இரண்டு சட்டங்கள், ஒன்று ஊனம் என்று ஒப்புக்கொள்வதை இன்னொன்று பட்டியலில் சேர்க்காமலே வைத்திருந்தது, இது எவ்வளவோ ஆண்டுகளுக்கு முன்பே திருத்தியிருக்க வேண்டியது.

இப்போது உங்கள் அலுவலகம் சொன்ன இரண்டாவது விஷயம். புதிய வரி முறையில் விகிதம் குறைவு, பெரும்பாலான கழிவுகள் இல்லை; அதில் 80யு, 80டிடி கிடையாது என்பது உண்மைதான். 2023-24 முதல் புதிய முறைதான் இயல்பு முறை. நீங்கள் வாய் திறந்து பழைய முறை என்று சொல்லாவிட்டால் இந்தக் கழிவு தானாகப் போய்விடும். ஆனால் அதற்காக உடனே பழைய முறைக்கு ஓடவும் வேண்டாம், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

உங்கள் 18 லட்சத்தையே எடுத்துக்கொள்வோம். புதிய முறையில் நிலையான கழிவு (சம்பளக்காரர் எல்லோருக்கும் தானாகக் கிடைப்பது) 75,000 போக 17.25 லட்சம். வரி 1,45,000, அதன் மேல் 4 சதவீத செஸ் சேர்த்து 1,50,800. பழைய முறையில் நிலையான கழிவு 50,000, சேமிப்பு, முதலீட்டுக்கான 80சி 1.5 லட்சம், மருத்துவக் காப்பீட்டுக்கு 25,000, உங்கள் 80யு 75,000, மகனின் 80டிடி 75,000, வீட்டு வாடகைப் படி (எச்ஆர்ஏ) 2 லட்சம் என்று வைத்தால் மொத்தம் 5.75 லட்சம் கழிகிறது. மிச்சம் 12.25 லட்சத்துக்கு வரி செஸ்ஸோடு 1,87,200. இவ்வளவு கழிவு போட்ட பிறகும் புதிய முறைதான் 36,400 ரூபாய் லாபம். இதில் ஊரில் கட்டிய வீட்டுக்கான கடன் வட்டி 2 லட்சம் சேர்ந்தால் கதை மாறுகிறது: 10.25 லட்சத்துக்கு வரி 1,24,800, பழைய முறை 26,000 லாபம். 18 லட்சச் சம்பளத்தில் இரண்டும் சமமாகும் இடம், நிலையான கழிவையும் சேர்த்து ஏறக்குறைய 6.92 லட்சம் கழிவு. அதற்கு மேல் உங்களால் காட்ட முடிந்தால் பழைய முறை, முடியாவிட்டால் புதியது. சம்பளம் 12.75 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்குப் புதிய முறையில் வரியே வராது, அவர்கள் இந்தக் கழிவுக்காக மெனக்கெட வேண்டியதில்லை.

இங்கே என் மனதில் உள்ளதைச் சொல்லாமல் போக முடியவில்லை. 80சி என்பது சேமிக்கச் சொல்லித் தரும் ஊக்கம், அதைப் புதிய முறையில் எடுத்துவிட்டு விகிதத்தைக் குறைக்கிறோம் என்றால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது, சேமிப்பதும் சேமிக்காததும் அவரவர் முடிவு. 80யு-வும் 80டிடி-யும் அந்த வகை இல்லை. யாரும் கழிவு வாங்குவதற்காக ஊனத்தோடு வாழ்வதில்லை. ஒரே சம்பளம் வாங்கும் இரண்டு பேரில் ஒருவர் காலில் மாட்டும் காலிப்பருக்கும் தெரபிக்கும் ஆட்டோவுக்கும் மாதாமாதம் கூடுதலாகக் கொடுக்கிறார் என்றால் அவருடைய வரி கட்டும் சக்தி குறைவு, அதைத்தான் இந்தப் பிரிவுகள் ஒப்புக்கொண்டன. அவற்றை முதலீட்டுக் கழிவுகளோடு ஒரே மூட்டையில் கட்டி வெளியே வைத்தது சரியில்லை. போதாததற்கு, 75,000 / 1,25,000 என்ற தொகை 2015 பட்ஜெட்டில் உயர்த்தியது, அதற்குப் பிறகு அப்படியே நிற்கிறது. தெரபிக் கட்டணம் அப்படியே நிற்கவில்லை.

புதிய முறையிலும் உங்களுக்கென்று ஒன்று மிச்சம் இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். பார்வையற்றோர், காது கேளாத வாய் பேசாதோர், கால்களில் ஊனம் உள்ளோர் ஆகிய ஊழியர்களுக்கு நிறுவனம் தரும் போக்குவரத்துப் படியில் 2025-26-இல் மாதம் 3,200 ரூபாய், ஆண்டுக்கு 38,400 வரை வரி இல்லை. பழைய முறை, புதிய முறை இரண்டிலும் உண்டு. ஆனால் அது சம்பளத்தில் அந்தப் பெயரில் இருக்க வேண்டும். எச்ஆரிடம் உங்கள் அட்டையைக் காட்டி, இருக்கும் சம்பளத்துக்குள்ளேயே ஒரு பகுதியைப் போக்குவரத்துப் படி என்று பிரித்துத் தரச் சொல்லுங்கள். நிறுவனத்துக்கு ஒரு பைசா கூடுதல் செலவு இல்லை, உங்களுக்கு இந்தச் சம்பளத்தில் சுமார் 8,000 ரூபாய் வரி மிச்சம். எச்ஆரில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

முறையைத் தேர்வு செய்வதிலும் கெடு உண்டு. அலுவலகத்தில் ஆண்டுத் தொடக்கத்தில் புதிய முறை என்று சொல்லியிருந்தாலும் சம்பளக்காரர் ரிட்டர்ன் போடும்போது பழைய முறைக்கு மாறலாம், ஆண்டுதோறும் மாறலாம். ஆனால் ரிட்டர்னை உரிய தேதிக்குள் போட வேண்டும். கெடு தாண்டிப் போட்டால் புதிய முறை மட்டும்தான். கடை, கிளினிக், கன்சல்டன்சி என்று தொழில் வருமானம் உள்ளவர்கள் பழைய முறை வேண்டும் என்றால் படிவம் 10-ஐஇஏ-வை அதே கெடுவுக்குள் கொடுக்க வேண்டும், ஒருமுறை பழையதற்குப் போய்த் திரும்பிவிட்டால் தொழில் வருமானம் இருக்கும்வரை மறுபடி போக முடியாது, அதனால் அவர்கள் இன்னும் யோசித்துச் செய்ய வேண்டும். இன்னொரு எச்சரிக்கை: வீடு, பங்கு விற்ற நீண்ட கால லாபத்திலிருந்து இந்தக் கழிவுகளை எடுக்க முடியாது, சம்பளம், வட்டி, வாடகை, தொழில் போன்ற வருமானத்திலிருந்துதான்.

வீட்டில் வயதான அப்பாவுக்கு பார்கின்சன், அம்மாவுக்குப் புற்றுநோய் என்று இருப்பவர்களுக்கு வேறு பிரிவு, 80டிடிபி. நரம்பு நோய் என்றால் 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் ஏற்பட்டிருக்க வேண்டும், சிறுநீரகச் செயலிழப்பு, ஹீமோஃபிலியா, தலசீமியாவும் பட்டியலில் உண்டு. இதில்தான் உண்மையான செலவுக்கு பில்லும் நிபுணரின் மருந்துச்சீட்டும் தேவை. வரம்பு 40,000, நோயாளி மூத்த குடிமகன் என்றால் ஒரு லட்சம், காப்பீட்டில் வந்த தொகையைக் கழித்துவிட்டு. உங்கள் அலுவலகம் இதையும் 80டிடி-யையும் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் பில் கேட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் மகனுக்கு இதில்தான் நீண்ட கால நன்மை. சாதாரணமாக மைனர் பிள்ளை பெயரில் போட்ட டெபாசிட்டின் வட்டி அப்பா, அம்மா இருவரில் அதிக வருமானம் உள்ளவரின் கணக்கில் சேர்ந்துவிடும். 80யு-வில் சொன்ன ஊனம் உள்ள மைனருக்கு இந்த விதி பொருந்தாது. பிரிவு 64(1ஏ) அப்படி விலக்கு தருகிறது, நீங்கள் பழைய முறையா புதிய முறையா என்பது இதில் வராது. நீங்களோ தாத்தா பாட்டியோ அவன் பெயரில் பணம் போட்டால் வட்டி அவனுடைய வருமானம், அது அடிப்படை வரம்பைத் தாண்டாத வரை வரியே இல்லை. அந்த வரம்பு பழைய முறையில் 2.5 லட்சம், புதியதில் 4 லட்சம். அதே பணத்தை உங்கள் பெயரில் வைத்திருந்தால் வட்டிக்கு 20 சதவீதமோ 30 சதவீதமோ போயிருக்கும். அவனுக்குத் தனியாக பான் கார்டு எடுத்து அந்த எண்ணையே வங்கியில் கொடுங்கள், இல்லாவிட்டால் வங்கி பிடிக்கும் வரி (டிடிஎஸ்) உங்கள் பெயரில் விழுந்து குழப்பமாகும். கொடுத்த பணம் அவனுடையது ஆகிவிடும் என்பதையும் மனதில் வைத்துச் செய்யுங்கள். பதினெட்டு வயதுக்குப் பிறகு அவன் சார்பில் கையெழுத்துப் போட தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி உள்ளூர் குழுவிடம் பாதுகாவலர் உத்தரவு வாங்க வேண்டியிருக்கும், அதைப் பதினேழிலேயே விசாரிக்கத் தொடங்கலாம்.

80டிடி-க்காக எல்ஐசியின் ஜீவன் ஆதார் போன்ற பாலிசி முன்பே எடுத்து வைத்திருப்பவர்களுக்கும் ஒரு செய்தி. பெற்றோர் இறந்த பிறகுதான் பிள்ளைக்குப் பணம் வரும் என்பது பழைய விதி. பிள்ளைக்கு ஐம்பது வயதாகும்வரை அப்பா உயிரோடு இருந்தால் அதுவரை அந்தப் பணம் கைக்கு வராது, நீண்ட நாள் வாழும் அப்பாக்களுக்கு அது ஒரு தண்டனை மாதிரி. இந்த விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2019 தீர்ப்பு விதியைத் தள்ளுபடி செய்யவில்லை, ஆனால் அரசு இதை மறுபரிசீலனை செய்யலாம் என்று சொன்னது. 2022 பட்ஜெட்டில் மாற்றினார்கள்: பணம் கட்டுபவர் 60 வயதைத் தொட்டு, கட்டுவதையும் நிறுத்திவிட்டால், அவர் உயிரோடு இருக்கும்போதே பிள்ளைக்குத் தொகையோ ஆண்டுத்தொகையோ வரலாம். உங்கள் பாலிசி ஆவணத்தில் இது எப்படி எழுதியிருக்கிறது என்று கிளையில் கேட்டுப் பாருங்கள். பிள்ளை முன்பே இறந்து பணம் பெற்றோருக்குத் திரும்பினால் அது அந்த ஆண்டு வருமானமாகக் கணக்கில் வரும் என்ற விதி மட்டும் அப்படியே இருக்கிறது.

உங்களுக்கு உடனே செய்ய வேண்டியவை மூன்று. எச்ஆரிடம் போக்குவரத்துப் படிக்கு எழுதுங்கள். அடுத்த முறை நரம்பியல் மருத்துவரைப் பார்க்கும்போது 10-ஐஏ வாங்குங்கள். வீட்டுக்கடன் வட்டி உண்டா இல்லையா என்பதை வைத்து மேலே உள்ள கணக்கை உங்கள் எண்களோடு ஒருமுறை போட்டுப் பாருங்கள். ரிட்டர்னோடு எந்தச் சான்றையும் இணைக்க வேண்டியதில்லை, ஆனால் ஒரிஜினல்களை ஒரு கவரில் போட்டுப் பத்திரமாக வையுங்கள். நோட்டீஸ் வந்தால் அவற்றைத்தான் கேட்பார்கள்.